காமிரா நகர்ந்த பிறகு

ஏஜென்ட் தவறு செய்தால் ஏஜென்டைத் திட்டக்கூடாது. தாளைத்தான் திட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் இருந்த அந்த அலுவலகத்தின் முதல் விதி அது.

தாள் என்று அவர்கள் சொன்னது காகிதம் அல்ல. ஒரு கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் எழுதித் தரும் விளக்கம். முன்பெல்லாம் அதை மனிதர்களுக்காக எழுதினார்கள். மனிதர்கள் படிக்கவில்லை. இப்போது ஏஜென்டுகளுக்காக, அதாவது சொன்ன வேலையைத் தாமே செய்யும் கணினி நிரல்களுக்காக எழுதினார்கள். ஏஜென்டுகள் ஒரு வரி விடாமல் படித்தன. படித்ததை அப்படியே செய்தன. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

வீடியோ வெட்டும் கருவி ஒன்றின் தாளில், ‘ஒரே காட்சி இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கு’ என்று எழுதியிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள். ஏஜென்ட் ஒரு பிள்ளையை நீக்கிவிட்டது. வீடியோவைப் பார்த்த சொந்தக்காரர்கள், இன்னொன்றுக்கு மொட்டை போட்டதோடு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டார்களாம். ஏஜென்டின் மீது குற்றமில்லை. அது சொன்னதைச் செய்தது.

அதற்குப் பிறகுதான் இந்த அலுவலகம் வந்தது. இங்கே தேறிய தாள் உள்ள கருவியை மட்டுமே ஏஜென்டுகளின் கையில் கொடுக்கலாம் என்று ஆனது. வெளியே பெரிய பெயர்ப்பலகை இருந்தது. ஊரில் எல்லோரும் தாள் ஆபீஸ் என்றுதான் சொன்னார்கள்.

மாசானமுத்து அங்கே மதிப்பீட்டாளன். வயது முப்பதைத் தொடவில்லை. மனைவி இறந்து ஓர் ஆண்டுக்கு மேலாகியிருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. அவனும் பேசுவதில்லை. அவனுக்கு அது வசதியாக இருந்தது.

வேலை எளிமையானது. எதுவும் தெரியாத புது ஏஜென்ட் ஒன்றை எடுக்க வேண்டும். கையில் தாளையும் கருவியையும் கொடுக்க வேண்டும். வெட்டாத வீடியோ ஒன்றைத் தந்து, படமாக்கித் தா என்று சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் ஏதாவது கேட்டால், அந்த வீடியோவின் சொந்தக்காரர் என்ன சொல்வாரோ அந்த உண்மையான பதிலை மட்டும் சொல்லலாம். ஏஜென்ட் எங்கே தடுமாறுகிறதோ அங்கே தாளில் ஓட்டை.

வீடியோ மட்டும் யாரும் பார்க்காததாக இருக்க வேண்டும். இணையத்தில் ஒரு துண்டு கிடந்தாலும் ஏஜென்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். மதிப்பீட்டாளரும் பார்த்திருக்கக்கூடாது, பார்த்தவன் தன்னையறியாமல் உதவிவிடுவான். ஆகவே ஊழியர்கள் தங்கள் வீட்டில் தூங்கும் வீடியோக்களைக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அலுவலகத் தலைவர் எபனேசருடைய மகளின் தேவாலயத் திடப்படுத்தல் ஆராதனை, கணக்குப் பிரிவுக்காரரின் புதுமனை புகுவிழா எல்லாம் இப்படித் தீர்ந்துபோயிருந்தன.

‘இழை’ என்ற கருவியின் தாள் வந்தபோது, அதற்குக் கல்யாண வீடியோ தேவைப்பட்டது.

“ஒருத்தர் வீட்டுலயும் பாக்காத கல்யாணம் கெடையாதா?” என்று எபனேசர் கேட்டார். “தாலி கட்டுததுக்கு முன்னாலயே ஸ்டேட்டஸ்ல போட்டுருதீய. என்னத்த சொல்ல.”

“என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்” என்றான் மாசானம்.

இரவல் பேனா கேட்டவருக்கு எடுத்துக்கொடுப்பதுபோல அதைச் சொன்னான். எபனேசருக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“அது வேண்டாம்யா.”

“யாரும் பாக்காதது சார். தென்காசி ஸ்டுடியோக்காரர் அப்படியே டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு. என்ன பாட்டு வைக்கதுன்னு எங்களுக்குள்ள முடிவாகல. அப்படியே கெடந்துட்டு. நானும் பாக்கல. விதிக்குச் சரியா இருக்கும்.”

“விதிக்குச் சரியா இருக்கும். உனக்கு?”

“நான்தான் பாக்கக்கூடாதே சார்.”

“சரி, கொண்டுவா” என்றார் எபனேசர்.

இழையைச் செய்தது மேலப்பாளையத்தைச் சேர்ந்த இரண்டு பேர். தாளை எழுதியவர் ஷமீமா என்ற பெண். நாற்பதை ஒட்டிய வயது. கணிப்பொறி படித்துவிட்டு, கல்யாண வீடியோ வெட்டும் வேலையில் பல வருடம் இருந்தவர். அவர்களுடைய தாள் இந்தச் சுற்றில் தேறாவிட்டால் அடுத்த சுற்றுவரை கருவி கடைக்கு வராது. அதுவரை கடை தாங்காது. இதை விண்ணப்பத்தின் அடியில் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார்: ‘இது தேறாவிட்டால் நாங்கள் கடையை மூடிவிடுவோம். ஆனால் அதற்காக மதிப்பெண் போட வேண்டாம்.’

மாசானம் தாளைப் படிக்க உட்கார்ந்தான். கையில் டீ இருந்தது. டீ ஆறுவதற்குள் தாள் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

பெரிய நிறுவனங்களின் தாள்களை அவன் நிறையப் படித்திருந்தான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘சிறப்பாக’, ‘தகுந்தவாறு’, ‘தேவைக்கேற்ப’ என்று இருக்கும். தேவை என்ன என்று எங்கும் இருக்காது. இந்தத் தாள் வேறு மாதிரி ஆரம்பித்தது.

‘இந்தக் கருவி வெட்டும், ஒட்டும், ஒலியை ஏற்றி இறக்கும். எது அழகு என்று இதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்றும் நினைக்காதே.’

கீழே போகப்போக, சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கூடவே இருந்தது.

‘தாலி கட்டும்போது மேளம் காதைப் பிளக்கும். அது இரைச்சல் அல்ல. குறைக்காதே. யாராவது தும்மினால் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அப்படி வாசிக்கிறார்கள்.’

‘ஒரே மாதிரி இரண்டு பிள்ளைகள் தெரிந்தால், இரண்டு பிள்ளைகள் இருக்கலாம்.’

‘வெட்டியதை அழிக்காதே. தனியே எடுத்து வை. இன்றைக்கு வேண்டாம் என்பவர் நாளைக்குத் தேடி வருவார்.’

‘வழி தெரியாத இடத்தில் நில். நின்ற இடத்தைச் சொல். குத்துமதிப்பாக நடக்காதே.’

மாசானத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் அது என்ன உணர்ச்சி என்று கண்டுபிடிக்கவே சற்று நேரம் பிடித்தது. எதையும் நன்றாக இருக்கிறது என்று அவன் நினைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு கருவியின் விளக்கம் நன்றாக இருக்கிறது என்று இப்போது நினைத்தான்.

சோதனையைத் தொடங்கினான். ஏஜென்ட் தாளைப் படித்தது. மூன்று காமிராக்களின் வீடியோவையும் வரிசைப்படுத்தியது. பெண் அழைப்பு, மாலை மாற்று, தாலி எல்லாம் மளமளவென்று போயின. மாசானம் திரையில் ஓடும் குறிப்புகளை மட்டும் பார்த்தான். ‘மேளத்தின் ஒலியைக் குறைக்கவில்லை.’ நல்லது. ‘மணமகளின் தந்தை கண்ணைத் துடைக்கும் காட்சி மங்கலாக இருக்கிறது. மங்கலாக இருந்தாலும் வைக்கிறேன். தாள் ஆறாம் பத்தி.’ மிக நல்லது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

பிறகு குறிப்பு நின்றது. கேள்வி ஒன்று வந்தது.

‘பந்தியில் மணமகள் செண்பகா, “இத வெட்டிருங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். இது விளையாட்டா உண்மையா என்று நானாக முடிவுசெய்யக்கூடாது, சொன்னவரிடமே கேட்க வேண்டும் என்று தாள் சொல்கிறது. அவரை எப்படித் தொடர்புகொள்வது?’

மாசானம் எழுந்து வெளியே போனான்.

எதிர் டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைப் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் எபனேசர் சாலையைத் தாண்டி வந்தார்.

“என்னய்யா, உன் ஏஜென்ட் காத்துக்கிட்டே கெடக்கு. போர்டுல மஞ்ச லைட் எரியுது.”

“ஒரு கேள்வி கேட்டிருக்கு சார்.”

“கேட்டா பதில் சொல்லேன். இங்க என்ன டீ ஆத்துதியா?”

“செண்பகாவ எப்படிக் கூப்புடதுன்னு கேக்கு.”

எபனேசர் வாங்கிய தம்ளரை பெஞ்சில் வைத்தார். தலையைத் தடவிக்கொண்டார்.

“நான் வேணும்னா பதில் போட்டுருதேன்.”

“வீடியோ என்னோடது சார். நான்தான் சொல்லணும்.”

“விதியத் தூக்கி ஒடப்புல போடு வே.”

“போட்டா அந்த அக்காவோட சோதனை செல்லாது சார். நல்லா எழுதியிருக்காங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க.”

அவர் அவனைப் பார்த்தார். அவன் எதையாவது இவ்வளவு அழுத்திச் சொல்லி அவர் கேட்டு நாளாகியிருந்தது.

மாசானம் திரும்பி வந்து உட்கார்ந்தான். ‘அவளிடம் கேட்க முடியாது’ என்று அடித்தான்.

‘எப்போது கேட்கலாம்?’

அதுவும் சரியான கேள்விதான். தாள் நன்றாக எழுதப்பட்டிருந்தால் ஏஜென்ட் இப்படித்தான் கேட்கும். விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்திருந்தான். அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. எல்லோருக்கும் மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

‘அவள் இறந்துவிட்டாள்.’

‘தெரிந்துகொண்டேன். அவரிடம் கேட்க வழியில்லை. இந்த நிலைமைக்குத் தாளில் வழி சொல்லவில்லை. ஆகவே நிற்கிறேன். அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கவில்லை. அவர் வேண்டாம் என்றார். அழிக்கவும் இல்லை, அவரிடம் நான் கேட்கவில்லை. தனியே வைத்திருக்கிறேன். மற்றவை தயார்.’

வருந்துகிறேன் என்று அது சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் நேரம்தான் என்று சொல்லவில்லை. மாசானத்துக்கு அது பிடித்திருந்தது. ஓர் ஆண்டில் யாரும் அவனிடம் இவ்வளவு கண்ணியமாகப் பேசியதில்லை என்று தோன்றியது.

ஆனால் ‘தாளில் வழி சொல்லவில்லை’ என்ற மூன்று சொற்கள் சோதனைப் பதிவில் ஏறிவிட்டன. அவை ஏறினால் தாள் தேறாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. மதிப்பீட்டாளர் ஒற்றை வாக்கியம் எழுதி அந்த ஓட்டையை அடைக்கலாம். அந்த வாக்கியத்தைச் சேர்த்து இன்னொரு புது ஏஜென்டை ஓட்ட வேண்டும். அது நிற்காமல் ஓடினால் திருத்தத்தோடு தேறும். ஒற்றை வாக்கியத்தில் அடையாத ஓட்டை என்றால் தாளையே மாற்றி எழுத வேண்டும், அடுத்த சுற்று.

மாசானம் எழுதினான்: ‘சொன்னவர் இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் கேள்.’

எபனேசர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “குடும்பத்தாருன்னா யாரு? நீயா, அவங்க அப்பாவா? ரெண்டு பேரும் வேற வேற சொன்னா? ஏஜென்ட் நடுவுல பஞ்சாயத்து பண்ணுமா?”

அழித்துவிட்டு எழுதினான்: ‘சொன்னவர் இறந்திருந்தால் அவர் சொல்லே இறுதி, வெட்டு.’

“எங்க மாமா ஒருத்தரு இருந்தாரு” என்றார் எபனேசர். “எந்தக் கல்யாணத்துல காமிராவக் கண்டாலும் ‘ஏ, என்னைய வெட்டிரு, வயிறு தெரியுது’ன்னு கத்துவாரு. இந்த வாக்கியத்தப் போட்டா அவரு பொறந்ததுக்கே அத்தாட்சி இருக்காது.”

அதையும் அழித்தான். இன்னும் சில எழுதினான். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சரியாக இருந்தது. அடுத்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. இறந்தவர்களைப் பற்றி ஒற்றை வாக்கியம் எழுத முடியவில்லை.

தாள் எழுதியவரை ஒருமுறை அழைத்துப் பேசலாம் என்று விதியில் இருந்தது. ஷமீமாவை வரச் சொன்னான்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பார்வையாளர் அறைக்குள் நுழையும்போதே கேட்டார்.

“பாஸா, ஃபெயிலா தம்பி? உங்க மொகத்தப் பாத்தா ரெண்டுமே தெரியலையே.”

“ரெண்டுக்கும் நடுவுல நிக்குக்கா.”

“நடுவுல நிக்கதுக்கு இது என்ன, பஸ்ஸா?” என்று சிரித்தபடி உட்கார்ந்தார். சிரித்தாலும் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். “சொல்லுங்க. எங்க மாட்டிக்கிச்சு?”

அவன் சொன்னான்.

“சொன்னவங்ககிட்டயே கேக்கணும்ங்கற அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லிராதீங்க” என்றார் உடனே. “மத்தத என்ன வேணும்னாலும் மாத்துங்க. எங்க தெருவுல ஒரு பிள்ள. அக்கா கல்யாணத்துல பொம்பளைங்க பக்கத்துல ஆட்டம் போட்டுச்சு. ஆடி முடிச்சுட்டு காமிராக்காரிகிட்ட, ‘அக்கா இத வெட்டிருங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. வேற ஒரு கருவி. அதுக்குத் தாள் எழுதுன மகராசன், ‘இயல்பான சிரிப்பை வைத்துக்கொள்’னு எழுதியிருந்தான். ஏஜென்ட் வச்சிருச்சு. வீடியோ ஊரெல்லாம் போச்சு. பிள்ளைய காலேஜ விட்டு நிறுத்திட்டாங்க. ஏஜென்டுக்கு என்ன தெரியும்? எழுதுனவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“வரி ரொம்ப நல்ல வரிக்கா. நான் எடுக்கச் சொல்லல. கேக்க ஆளு இல்லாட்டி என்ன செய்யதுன்னுதான் வழி இல்ல.”

“ஆளு இல்லாட்டின்னா?”

“பொண்ணு இறந்துட்டாங்க.”

“இன்னா லில்லாஹி” என்றார் ஷமீமா மெதுவாக. “கல்யாணப் பொண்ணா? சின்ன வயசா இருக்குமே. யாரு வீட்டுக் கல்யாணம் தம்பி?”

“எங்க வீட்டுதுக்கா.”

ஷமீமா பையைக் கீழே வைத்தார்.

“நீங்க அந்த இடத்தப் பாத்தீங்களா?”

“இல்ல. ஏஜென்ட் நின்ன எடத்தப் பாக்கலாம்னு விதி இருக்கு. நான் பாக்கல.”

“பாக்காம எப்படி வாக்கியம் எழுதுவீங்க? கண்ண மூடிக்கிட்டு கத்திரிக்கோல் பிடிச்ச மாதிரில்லா இருக்கு.”

அவன் அறையில் இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பினான்.

“என்னைய வெளிய இருக்கச் சொல்லுதீங்களா?”

“நீங்க பாக்கக்கூடாதுன்னு இருக்குக்கா. ஆனா…” வெளியே போங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தனியாகப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை.

ஷமீமா நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க போடுங்க.” பார்க்கக்கூடாது என்றுதான் விதியில் இருந்தது. கேட்கக்கூடாது என்று இல்லை.

மாசானம் வெட்டாத வீடியோவை அந்த இடத்திலிருந்து ஓடவிட்டான்.

பந்தி. வாழை இலைகளின் வரிசை. வாளிகளின் சத்தம், நாதஸ்வரம், யாரோ சாம்பாருக்குக் குரல் கொடுத்தார்கள். காமிரா இலை இலையாக நகர்ந்து வந்தது. காமிரா வருவதைக் கண்டதும் ஒவ்வொருவராக மென்று முடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள். பிறகு செண்பகா வந்தாள். தலை நிறையப் பூ. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு முழு லட்டை அப்படியே வாயில் போட்டிருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. நிமிர்ந்தாள். காமிராவைப் பார்த்தாள். கண்கள் பெரிதாயின. புறங்கையால் வாயை மறைத்தாள்.

“அண்ணாச்சி, இத வெட்டிருங்க!”

சிரிப்பில் தோள் குலுங்கியது. காமிரா அவளை விட்டு நகர்ந்தது. அடுத்த இலையில் அவளுடைய பெரியப்பா பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப்போட்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பதுபோலப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஏஜென்ட் நின்றது இங்கேதான். அவள் போய்விட்டாள். மாசானம் நிறுத்துவதற்குக் கையை நீட்டினான்.

“நிறுத்தாதீங்க தம்பி” என்றார் ஷமீமா, ஜன்னலைப் பார்த்தபடியே. “அந்தப் பிள்ள இன்னும் பேசுது.”

அவன் கை அப்படியே நின்றது.

திரையில் பெரியப்பா பாயசம் பிசைந்தார். வாளிச் சத்தத்துக்கு அடியில், நாதஸ்வரத்துக்கு அடியில், அவள் குரல் இருந்தது. வாய் நிறைய லட்டோடு.

“ஏங்க, நீங்களும் சொல்லுங்களேன். வெட்டச் சொல்லி.”

இன்னொரு குரல். யாருடையது என்று அவனுக்கு உடனே தெரியவில்லை. இவ்வளவு இலேசான குரலில் தான் பேசியிருக்கிறோம் என்று அவனால் நம்ப முடியவில்லை.

“நான் சொல்லமாட்டேன். கெழவனானப்புறம் போட்டுப் பாத்துச் சிரிக்கணும்.”

“அப்படியா சேதி? சரி, அப்ப இருக்கட்டும். அண்ணாச்சி, வெட்ட வேண்டாம். ஆனா இவங்க வாய்ல பருப்பு ஒட்டியிருக்கு, அதையும் சேத்து எடுத்துருங்க!”

பெரியப்பா இலையிலிருந்து வழித்துச் சாப்பிட்டார். பேச்சு முடிந்தது.

மாசானம் மறுபடி ஓடவிட்டான். மூன்றாவது முறையும் ஓடவிட்டான். ஷமீமா திரும்பவில்லை. முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்ததுமட்டும் தெரிந்தது.

“ஏஜென்ட் ஏன் கேக்கலக்கா?” என்றான் கடைசியில். “எல்லாத்தையும் கேக்குமே.”

“நான் கேக்கச் சொல்லல” என்றார் ஷமீமா. இப்போது திரும்பினார். “தாள்ல என்ன எழுதியிருக்கேன்? ‘காமிரா ஒருவரை விட்டு நகர்ந்தால் துண்டு முடிகிறது.’ அது படத்தோட பேச்சையும் முடிச்சிருச்சு. நாங்க கல்யாண வீடியோக்காரங்க தம்பி. காமிரா சத்தத்த நாங்க எங்க கேட்டோம்? தாலி கட்டுத மேளத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லாச் சத்தத்தையும் வழிச்சுத் தூரப் போட்டுட்டு மேல பாட்டு வச்சிருவோம். இத்தன வருஷத்துல பந்திச் சத்தத்த நான் காது குடுத்துக் கேட்டதே கெடையாது. இன்னிக்கு முதுகக் காட்டி உக்காந்ததாலதான் கேட்டேன்.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “எத்தன வீட்டுல எத்தன பேரு என்னென்ன பேசுனாங்களோ. எல்லாத்து மேலயும் பாட்டு.”

மாசானம் சோதனைப் பதிவைத் திறந்தான். இறந்தவர்களைப் பற்றித் தான் எழுதி அழித்த வாக்கியங்களைப் பார்த்தான். அங்கே ஓட்டையே இல்லை என்று இப்போது தெரிந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஏஜென்ட் நின்றது. சேர்க்கவில்லை, அழிக்கவில்லை, தனியே எடுத்து வைத்தது, சொன்னது. அதைவிட என்ன செய்ய முடியும்? மனிதர்களே அவ்வளவு செய்வதில்லை. ‘வழி தெரியாத இடத்தில் நில்’ என்று ஷமீமா எழுதியதுதான் அந்த வழி. அவன்தான் அதைத் தடுமாற்றம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டான்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அதை அடைக்க ஒரு வாக்கியம் போதும். எழுதினான்.

‘காமிரா நகர்ந்த பிறகும் ஒலியைக் கேள், ஏனென்றால் படத்தை விட்டுப் போனவர் பேசி முடித்திருக்கமாட்டார்.’

எழுதியதை ஷமீமாவிடம் காட்டினான். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“காரணத்தையும் சேத்து எழுதியிருக்கீங்க” என்றார்.

“உங்க தாளு அப்படித்தானக்கா இருக்கு.”

எபனேசரும் வந்து பார்த்தார். இந்த முறை மாமா கதை எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓடவிடு” என்றார்.

புது ஏஜென்ட் வந்தது. முந்தைய ஏஜென்டுக்குத் தெரிந்தது எதுவும் இதற்குத் தெரியாது. செண்பகா இறந்தது இதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தாளைப் படித்தது. பெண் அழைப்பு, மாலை மாற்று, தாலி. மேளத்தைக் குறைக்கவில்லை. கண்ணைத் துடைக்கும் தகப்பனை வைத்துக்கொண்டது. பந்திக்கு வந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஷமீமா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. கேள்வி வரவில்லை. பந்தி முடிந்தது, மறுவீடு வந்தது, அதுவும் முடிந்தது.

“தேறிட்டு” என்றார் எபனேசர்.

ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்தார். பையைத் தேடினார். பை காலடியிலேயே கிடந்தது. “வீட்டுல சொல்லணும்” என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “தம்பி, அந்த வாக்கியத்துக்குக் கீழ உங்க பேரப் போடட்டுமா?”

“வேண்டாம்க்கா.” கொஞ்சம் யோசித்தான். “பேரு போடணும்னா செண்பகான்னு போடுங்க.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். எபனேசரும் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

படம் தயாராக இருந்தது. அதனோடு ஏஜென்ட் அனுப்பிய சிறு குறிப்பும் இருந்தது. மாசானம் முதலில் குறிப்பைப் படித்தான்.

‘பந்தியில் மணமகள் முதலில் வெட்டச் சொன்னார். காமிரா நகர்ந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சின் மேல் பாட்டு வைக்கவில்லை. மணமகன் வாயில் பருப்பு ஒட்டியிருப்பதையும் சேர்த்து எடுக்கும்படி கேட்டிருந்தார். அது இரண்டாவது காமிராவில் தெளிவாக இருந்தது. சேர்த்திருக்கிறேன்.’

மாசானம் தன்னையறியாமல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு படத்தை ஓடவிட்டான்.